பந்தக்காலுக்குக் கீழே

அத்தியாயம் 17

ஸ்ரீமதிக்கு நாளைக் காலை சிதம்பரத்தில் கல்யாணம். அது நடக்குமா நடக்காதா என்று இத்தனை வாரம் நம்மைத் தவிக்க விட்டவர் மாப்பிள்ளை கதிர்வேலின் அத்தை இருசம்மாள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பூ வைக்க வந்த அன்று, கடலூர் கூத்தப்பாக்கத்தில் பெண் வீட்டுக் குத்துவிளக்கு அணைந்துபோனதற்காகத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிய மகராசி அவர். தாயில்லாத கதிர்வேலை வளர்த்து ஆளாக்கியவர். அவர் வேண்டாம் என்றால் அந்த வீட்டில் வேண்டாம்தான்.

கதிர்வேல் கெஞ்சிக் கூத்தாடித்தான் அத்தையைச் சம்மதிக்க வைத்தான். சம்மதிக்கும்போதே அவர் ஒன்று சொல்லிவைத்தார்.

“இன்னொரு வாட்டி ஏதாச்சும் கொறை என் கண்ணுல பட்டுச்சு, மணவறையிலேர்ந்துகூட உன்ன எழுப்பிக்கிட்டு வந்துடுவேன்.”

இன்று சாயந்தரம் பெண்ணழைப்பு. இருசம்மாள் வேனில் வந்து ஸ்ரீமதியை அழைத்துக்கொண்டு போக வேண்டும். அதற்குள் எந்தக் குறையும் அவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஸ்ரீமதியின் பிரார்த்தனை. பாவம், சாமிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு போலிருக்கிறது.

பெண்ணின் அப்பா தேவநாதன் திருப்பாதிரிப்புலியூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். தங்கமான மனிதர். ஆனால் தானே புயலுக்கு அப்புறம் அவருக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. புயல் அடித்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கொல்லையில் நின்ற பலாமரம் வேரோடு சாய்ந்ததையும், மாடிக் கூரை பறந்து அடுத்த தெருவில் போய் விழுந்ததையும் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து எதைக் கட்டினாலும் இரண்டு முடிச்சு போடுவார், எதை நட்டாலும் இரண்டு மடங்கு ஆழம் தோண்டுவார்.

பந்தக்காலுக்கும் அப்படித்தான் தோண்டினார்.

பந்தக்கால் குழி முழங்கால் ஆழம் இருந்தால் போதும். வாசலில் ஈசானி மூலையில் குழி தோண்டி, பாலும் நவதானியமும் போட்டு, மஞ்சள் பூசி மாவிலை கட்டிய மூங்கிலை ஐந்து சுமங்கலிகள் கைவைத்து இறக்கினால் முடிந்தது. தேவநாதனோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொடை ஆழத்துக்குத் தோண்டிவிட்டார்.

“என்னாங்க, கால் நடுறீங்களா, கெணறு வெட்டுறீங்களா?” என்று அவர் மனைவி சௌந்தரம் கேட்டாள்.

“நட்டா நட்டதுதான். எந்தப் புயல் வந்தாலும் ஆடக் கூடாது.”

அவர்களுடைய மருமகள் பிரிசில்லா ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவள் சொல்ல வேண்டியதை முந்தாநாளே சொல்லியிருந்தாள். “மாமா, தெருக் கொழாயிலேர்ந்து நம்ம தொட்டிக்கு வர்ற லைன் அந்த மூலையிலதான் போவுது. ரெண்டடி தள்ளி வச்சிக்கலாமா?” என்று கேட்டிருந்தாள். “ஈசானி மூலைய எப்படிம்மா தள்ளி வைக்கிறது?” என்று அவர் சிரித்துவிட்டார். முழங்கால் ஆழம்தானே, குழாய் அதற்கும் கீழேதானே இருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

பிரிசில்லாவுக்குக் குழாய் விஷயம் தெரியும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் குடிநீருக்கு அவள்தான் ஓவர்சியர். தேவநாதனின் மகன் அருண்பாண்டியன் அவளை விரும்பி, ரெஜிஸ்டர் ஆபீசில் கைப்பிடித்து அழைத்துவந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த வீட்டில் அவளை யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் ஒரு நல்ல காரியம் என்று வந்துவிட்டால், மாதாகோயிலுக்குப் போகிற பெண்ணை எங்கே நிற்க வைப்பது என்று யாருக்கும் தெரிவதில்லை.

இன்றைக்கு தேவநாதனின் தங்கை ராஜாமணி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பந்தக்காலைப் பிடிக்கப் பெண்கள் சேர்ந்தபோது பிரிசில்லாவின் கையில் கேமராவைக் கொடுத்தாள்.

“நீ அழகா போட்டோ எடும்மா. ஒனக்குத்தான் இதெல்லாம் நல்லா வரும்.”

பிரிசில்லா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை என்பதைச் சௌந்தரம் மட்டும் கவனித்தாள்.

ஐந்து பெண்களும் பந்தக்காலை இறக்கினார்கள். தேவநாதன் மண்ணைத் தள்ளி, கடப்பாரையின் தலையால் சுற்றிலும் குத்திக் கெட்டித்தார். அதோடு விட்டிருக்கலாம். திருப்தி வராமல் கடப்பாரையைத் திருப்பி, கூர் முனையால் ஆழமாக ஒரு குத்து குத்தினார்.

ணங் என்று ஒரு சத்தம். பிறகு மண்ணுக்குள் களகளவென்று இன்னொரு சத்தம். பந்தக்காலின் அடியிலிருந்து தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

ராஜாமணிதான் முதலில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

“அண்ணி! கங்கம்மாவே வந்துட்டா அண்ணி! பால ஊத்தின எடத்துல தண்ணி பொங்குது பாருங்க!”

பெண்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ஓடிப்போய் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி பொங்கிவந்த தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டாள். தேவநாதன் கடப்பாரையோடு கண் கலங்கி நின்றார். தன் மகளுக்காகப் பூமாதேவியே இரங்கிவிட்டாள் என்று நினைத்தார்.

பிரிசில்லாவுக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது. கங்கையில் அந்த வாசனை வராது. அவள் கேமராவை இறக்கிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். ஒரு சொட்டும் இல்லை. கொல்லைப்புறம் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள். தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுபோயிருந்தது, அடியில் ஒரு சாண்கூட இல்லை.

திரும்பி வந்து சௌந்தரத்தின் காதோரம் சொன்னாள்.

“அத்தை, அது கங்கை இல்ல. நம்ம லைன்தான். மாமா கொழாய ஒடச்சிட்டாரு.”

சௌந்தரம் புத்திசாலி. “அய்யோ” என்று கத்தவில்லை. கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக் கும்பிட்டு முடிக்க விட்டாள். அப்புறம், “சரி, எல்லாரும் போயி டிபன் சாப்பிடுங்க, இட்லி ஆறிடும்” என்று ஒரு கூட்டத்தையே உள்ளே நகர்த்தினாள். வாசல் காலியானதும்தான் கணவரைப் பார்த்தாள்.

“என்னாங்க, அந்தக் கடப்பாரைய மொதல்ல கீழ போடுங்க.”

ஊருக்குக் காலையில் விடுகிற தண்ணீர் நிற்கும் வரை பந்தக்காலடியில் பொங்கிக்கொண்டே இருந்தது. வாசலில் இருந்த வால்வை மூடிப் பார்த்தார்கள். துருப்பிடித்த அந்தக் கிழட்டு வால்வு அசையவே இல்லை. தண்ணீர் ஒருவழியாக நின்றபோது குழி முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில் பந்தக்கால் மெள்ள மெள்ளத் தெருப்பக்கம் சாய ஆரம்பித்திருந்தது.

பிளம்பர் அய்யனார் வந்தார். புயலுக்கு அப்புறம் கடலூரில் பிளம்பரைப் பிடிப்பது குதிரைக் கொம்பு. பிரிசில்லா கூப்பிட்ட ஒரு குரலுக்காக ஞாயிற்றுக்கிழமையும் பாராமல் வந்தவர், குழியை ஒரு பார்வை பார்த்தார்.

“ஓவர்சியரம்மா, இது பழைய ஜி.ஐ. பைப்பு. பொத்துக்கிட்டுப் போச்சு. காலப் புடுங்கினாத்தான் கைய உள்ள வுட முடியும்.”

தேவநாதனின் முகம் வெளுத்தது. நட்ட பந்தக்காலைக் கல்யாணம் முடிந்து, மறுவீடும் முடிந்து, நல்ல நாள் பார்த்துத்தான் எடுப்பார்கள். பெண்ணழைப்பு அன்றைக்கே பிடுங்குகிற வீட்டை இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அணைந்துபோன விளக்குக்கே பஸ் ஏறியவர் இருசம்மாள். பிடுங்கிய பந்தக்காலுக்கு என்ன செய்வார்?

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரீமதி, மருதாணிக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அழுதால் கண் வீங்கிவிடும் என்று அழாமல் இருக்கப் பார்த்து, தோற்றுக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, கால எடுத்துட்டா அந்த அத்தை என்னைக் கூட்டிக்கிட்டுப் போவ மாட்டாங்க. எனக்குத் தெரியும்.”

பிரிசில்லா அவளுடைய தோளைத் தொட்டாள். “யாரு எடுக்கப் போறா? நீ உள்ள போயி மருதாணிய கழுவாம இரு. கழுவத் தண்ணியும் இல்ல.”

அழுகைக்கு நடுவே ஸ்ரீமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிரிசில்லா சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டாள். வாசலிலிருந்து தொட்டி வரை ஒரு நடை நடந்து பார்த்தாள். திரும்பி வந்தவள் சொன்னது இதுதான். “பழைய பைப்ப தொடவே வேணாம். அது காலுக்கு அடியிலயே கெடக்கட்டும். வாசல் வால்வுக்குப் பக்கத்துல அத அறுத்து மூடிடுவோம். அங்கேர்ந்து புது லைன், காம்பவுண்டு ஓரமா சுத்திக்கிட்டு, தொவைக்கிற மேடை வழியா தொட்டிக்குப் போவட்டும். கருப்பு ரோல் பைப்பு போட்டா வளைஞ்சி போயிடும். சாயந்தரம் தண்ணி வுடறதுக்குள்ள முடிக்கணும்.”

அய்யனார் தலையைச் சொறிந்தார். “முடிக்கலாம்மா. ஆனா கால் சாயிதே?”

“அத மொதல்ல நிமித்தணும். யாராச்சும் புடிச்சிக்கிட்டு நின்னா, சேத்த வாரிட்டு செங்கல் ஜல்லி போட்டு இறுக்கிடலாம்.”

யார் பிடிப்பது? அய்யனார் பின்னால் நகர்ந்தார். பங்காளி வீட்டில் சாவு விழுந்து இன்னும் கருமாதி முடியவில்லை, தீட்டோடு பந்தக்காலைத் தொட மாட்டேன் என்றார். அது நியாயம்தான். தேவநாதன் பிடிக்கப் போய், சேற்றில் வழுக்கி, காலை இன்னும் கொஞ்சம் சாய்த்துவிட்டு எழுந்தார். டிபன் முடித்து வந்த சுமங்கலிகள் பட்டுப்புடவையைப் பார்த்தார்கள், சேற்றைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பிரிசில்லாவைத் தொடச் சொல்லவும் ஆள் இல்லை, தொடாதே என்று சொல்லவும் ஆள் இல்லை. அவள் கழுத்தில் மாட்டியிருந்த கேமராவைக் கழற்றி ராஜாமணியின் கையில் கொடுத்தாள்.

“சின்னத்தை, நீங்க போட்டோ எடுங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். சேறு முழங்காலுக்கு மேல் ஏறியது. மூங்கிலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, தோளைக் கொடுத்து, நிமிர்த்தி நின்றாள். “ம், வாருங்க” என்றாள்.

காலைத் தொடாமல் அய்யனார் சேற்றை வாளி வாளியாக வாரினார். புயலில் இடிந்த மதில் சுவரின் உடைந்த செங்கல் கொல்லையில் குவிந்து கிடந்தது. தேவநாதன் அதைச் சுமந்துவந்து கொட்டினார். பிரிசில்லா ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டே மறு கையால் ஒவ்வொரு துண்டாக இடுக்கி அடுக்கினாள். செங்கல் முனை கிழித்து விரலில் ரத்தம் வந்தது. அதைச் சுடிதாரில் துடைத்துவிட்டு அடுத்த செங்கல்லுக்குக் கை நீட்டினாள். எனக்கு இந்தப் பெண்ணை முதல் அத்தியாயத்திலிருந்தே பிடிக்கும். ஆனால் இவ்வளவு பிடிக்கும் என்று இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

கால் நிமிர்ந்துவிட்டது. பைப்புக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை கடலூரில் ஹார்டுவேர் கடை ஒன்றும் திறந்திருக்காது.

பிரிசில்லாவுக்கு ஒரு கடை தெரியும். முதுநகரில் அவளுடைய அப்பா சார்லஸின் கடை. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு அவர் பேசி இரண்டு வருடம் ஆகிறது. தேவநாதனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இந்தக் கல்யாணத்துக்கு சார்லஸுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று சௌந்தரமும், ‘என் வூட்டு வாசல மிதிக்காதவர் வூட்டுக்கு நான் ஏன் போவணும்’ என்று தேவநாதனும் போன வாரம் போட்ட சண்டையை நாம்தான் பார்த்தோமே. மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.

பிரிசில்லா அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மாவோடு மட்டும் அவளுக்குப் பேச்சு உண்டு.

“அம்மா, கோயில் முடிஞ்சி வந்துட்டீங்களா? எனக்கு அவசரமா அரை இஞ்சு ரோல் பைப்பு வேணும். வாசல்லேர்ந்து கொல்லை வரைக்கும் வர்ற அளவு...”

போனில் அம்மா யாரிடமோ அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் உறுமியது.

“அரை இஞ்சு பத்தாது, முக்கா இஞ்சு போடச் சொல்லு. கல்யாண வூட்டுல ஜாஸ்தி தண்ணி செலவாவும்.”

பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டாள். கையில் சேறு இருந்ததால் கண்ணீரைத் துடைக்க முடியவில்லை.

“முக்கா இஞ்சே குடுக்கச் சொல்லுங்கம்மா.”

ஆட்டோவில் பைப்பு வந்தது. கப்ளிங், எல்போ, டேப்பு என்று அவள் கேட்டதெல்லாம் வந்தது. கேட்காத ஒன்றும் ஒரு காகிதத்தில் சுற்றி வந்தது. பிரித்துப் பார்த்தால் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய். “கல்யாணப் பொண்ணுக்குன்னு ஓனரு குடுத்தாரு” என்று ஆட்டோக்காரர் சொன்னார். தேவநாதன் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிரிசில்லாவிடம் கொடுத்தார்.

அப்புறம் வெட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு வெட்டு. ஒரு முனையில் அய்யனார், மறுமுனையில் காலையில் ஆழமாகத் தோண்டிப் பழகிய நம் தேவநாதன். நடுவில் துவைக்கிற மேடை குறுக்கே நின்றது. சௌந்தரம் ஆசை ஆசையாகச் சிவப்பு சிமெண்டு பூசி வைத்திருந்த மேடை. அய்யனார் கடப்பாரையை ஓங்கிவிட்டுத் தயங்கினார்.

“ஒடைங்க,” என்றாள் சௌந்தரம். “மேடைய அடுத்த மாசம் கட்டிக்கலாம். பொண்ண அடுத்த மாசம் அனுப்ப முடியுமா?”

கீழே தண்ணீர் விஷயத்தை மருமகள் பார்த்துக்கொண்டாள் என்றால், மேலே மனிதர்கள் விஷயத்தை மாமியார் பார்த்துக்கொண்டாள். நாலு வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் வாங்கிச் சமையலை நிற்காமல் ஓட்டினாள். பொழுது போகாமல் குறை சொல்லக்கூடிய உறவினரை எல்லாம் பூக்கட்ட உட்கார வைத்தாள். நடுநடுவே வந்து, சேற்றுக் கையோடு நின்ற மருமகளுக்கு மோர்ச் சாதத்தைத் தானே உருட்டி ஊட்டிவிட்டுப் போனாள்.

வெயில் தாழும் நேரத்தில் பைப்பு போய்த் தொட்டியில் சேர்ந்தது. குளிக்கிற இடத்தில் பித்தளைக் குழாயை மாட்டினார்கள். மண்ணைத் தள்ளி மூடினார்கள். ஊருக்குத் தண்ணீர் விட இன்னும் நேரம் இருந்தது.

வேனுக்கு அந்தப் பொறுமை இல்லை. ராகு காலம் பிறக்கும் முன் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று இருசம்மாள் சிதம்பரத்திலிருந்து சீக்கிரமே புறப்பட்டுவிட்டார். தேவநாதன் கையைக்கூடக் கழுவவில்லை. வேன் வாசலில் வந்து நின்றது.

“அண்ணி,” ராஜாமணி சௌந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஜெனரேட்டர் ஒயர் பொதைச்சோம்னு சொல்லிடுங்க. அவுங்களுக்கு என்னா தெரியப் போவுது?”

இருசம்மாள் இறங்கினார். ஆரத்தி எடுத்தார்கள். அவருடைய கண்ணோ வாசலிலிருந்து கொல்லை வரை நீண்டிருந்த ஈர மண்ணின் மேலேயே போய்வந்தது.

“என்னா சம்மந்தி இது? பொண்ணழைக்க வர்ற அன்னிக்கு வூட்டச் சுத்தி வெட்டிப் போட்டிருக்கீங்க?”

ஜன்னலுக்குப் பின்னால் ஸ்ரீமதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ராஜாமணி, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். சௌந்தரம் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

“காலையில பந்தக்கால் நட்டப்ப தண்ணிக் கொழாய ஒடச்சிட்டோம் சம்மந்தி. கால் சாஞ்சிது. கால எடுக்காம நிமித்திட்டு, கொழாய மாத்திப் போட்டோம். இதான் நடந்தது. நாளைக்கு வேற யாராச்சும் சொல்லி நீங்க தெரிஞ்சிக்கிறதுக்கு நானே சொல்லிடறேன்.”

பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றுவிட்டன. நாற்பது பேர் நடுவில் இப்படி ஓர் உண்மையைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அது எனக்கு இல்லை, உங்களுக்கு எப்படியோ.

“கால எடுக்கல இல்ல?”

“எடுக்கல. மாதா மேல சத்தியமா எடுக்கல,” என்று ராஜாமணி முந்திக்கொண்டாள். எந்த மாதா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

இருசம்மாள் செருப்பைக் கழற்றினார். பந்தக்காலிடம் நடந்துபோனார். தொட்டுக் கும்பிட்டார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் பதித்து ஒரு தள்ளு தள்ளினார். வயல் வேலை செய்து உரமேறிய கை. கால் அசையவில்லை. திரும்பி நின்று முதுகைக் கொடுத்து ஒரு தள்ளு. மாவிலைகூட ஆடவில்லை.

“இந்த ஈரத்துல எப்படி நிக்கிது?”

“என் மருமவ குழியில எறங்கி, புடிச்சிக்கிட்டே நின்னா. உச்சி வெயில் தாண்டுற வரைக்கும் கைய எடுக்கல,” என்றாள் சௌந்தரம். ‘என் மருமகள்’ என்ற இடத்தில் அவள் குரல் ஒரு படி ஏறியது.

இருசம்மாள் பிரிசில்லாவைப் பார்த்தார். பொட்டில்லாத நெற்றி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, தலைமுடி வரை காய்ந்த சேறு, விரலில் துணிக்கட்டு. ரொம்ப நேரம் பார்த்தார்.

“சரி. தண்ணி வரட்டும். பொறந்த வூட்டுத் தண்ணியிலதான் பொண்ணுக்கு நலங்கு. அது வரலன்னா அப்பறம் பேசிக்கலாம்.”

எல்லோரும் பித்தளைக் குழாயைச் சுற்றி நின்றார்கள். நேரம் போனது. பிரிசில்லா குழாயைத் திறந்து வைத்தாள். ஒன்றுமில்லை. ஸ்ரீமதி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்துவிட்டது. அய்யனார் மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். எங்கேயும் புது ஈரம் இல்லை.

திடீரென்று குழாய் புஸ்ஸென்று காற்றை ஊதியது. இருமியது. காவி நிறத்தில் இரண்டு வாய் துப்பியது. பிறகு, மதகு திறந்த வீராணம் ஏரித் தண்ணீர் மாதிரி ஒரே சீராக, வெள்ளையாக, கனமாகக் கொட்ட ஆரம்பித்தது. முக்கால் இஞ்சு முக்கால் இஞ்சுதான்.

ஸ்ரீமதி ஜன்னலிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை கண் வீங்குவதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

இருசம்மாள் கையைக் குவித்துத் தண்ணீரைப் பிடித்து ஒரு வாய் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு பிரிசில்லாவைக் கிட்டே அழைத்தார்.

“ஏம்மா, சிதம்பரத்துல எங்க வூட்டு பைப்பும் மண்ணுக்குள்ள எங்கியோ ஒழுவுது. ரெண்டு வருசமா ஆளத் தேடறேன், ஒருத்தனும் சரியில்ல. மறுவீட்டு விருந்தெல்லாம் முடிஞ்சப்பறம் ஒரு நாள் வந்து பாக்கறியா?”

“வரேம்மா,” என்றாள் பிரிசில்லா. கல்யாணம் நிலைத்துவிட்டது என்று அந்த ஒரு கேள்வியில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தேவநாதன் அப்படியே உடைந்த மேடையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ராகு காலம் கழிந்ததும் நலங்கு வைத்தார்கள். மணையில் ஸ்ரீமதி உட்கார்ந்திருக்க, ஐந்து சுமங்கலிகளும் வரிசையாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஐந்தாவது ஆள் ஊற்றி முடித்ததும் சௌந்தரம் சொம்பை வாங்கி, புடவை மாற்றிக்கொண்டு ஓரமாக நின்ற பிரிசில்லாவிடம் நீட்டினாள்.

“அண்ணி,” ராஜாமணி தணிந்த குரலில் சொன்னாள், “ஆறா பூடுமே. ஒத்தப்படையா இல்ல இருக்கணும்?”

“ஏழாவது ஆளு சம்மந்தி இருக்காங்கல்ல,” என்றாள் சௌந்தரம். “அவுங்களுக்கு ஊத்த உரிமை இல்லையா என்னா?”

இருசம்மாளின் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. பிரிசில்லா நாத்தனாரின் தலையில் தண்ணீரை ஊற்றினாள். ஈரத்தோடு ஈரமாக ஸ்ரீமதி அண்ணியின் கையைப் பிடித்து, துணிக்கட்டின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ராஜாமணி ஓடிப்போய்க் கேமராவை எடுத்து அதை ஒரு போட்டோ எடுத்தாள். தலை வெட்டுப்பட்டுத்தான் விழுந்தது. ஆனாலும் நல்ல போட்டோ.

இருட்டத் தொடங்கியதும் வேன் புறப்படத் தயாரானது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். சீர்வரிசையோடு காலையிலேயே சிதம்பரம் போய்விட்ட அருண்பாண்டியன் அங்கிருந்து நாலாவது முறையாகப் போன் செய்துவிட்டான். தேவநாதனைத்தான் காணவில்லை.

குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் உள்ளேயிருந்து வந்தார். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. வேன் ஜன்னலோரம் இருந்த பிரிசில்லாவிடம் வந்து நின்றார். அவளைப் பார்க்காமல் பந்தக்காலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“உங்க அப்பா இந்நேரம் வூட்ல இருப்பாராம்மா?”

“கடையிலதான் இருக்காராம் மாமா. இன்னும் ஏதாச்சும் வேணும்னு கேப்போமோன்னு தொறந்தே வச்சிருக்காராம். அம்மா சொன்னாங்க.”

“நீங்க போயிக்கிட்டே இருங்க. நான் பின்னால வரேன்.”

“எங்க போறாரு?” என்றார் இருசம்மாள்.

“வந்துடுவாரு சம்மந்தி. வண்டிய எடுக்கச் சொல்லுங்க,” என்றாள் சௌந்தரம். கணவர் போவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடத்தில் அந்த மனிதரை அவள் அவ்வளவு ஆசையாகப் பார்த்து நானும் பார்த்ததில்லை.

தேவநாதனின் டிவிஎஸ் வண்டி முதுநகர்ப் பக்கம் திரும்பியது. வேன் சிதம்பரம் ரோட்டில் ஏறியது.

பிரிசில்லாவின் மடியில் இருந்த செல்போன் அடித்தது. ‘அப்பா’ என்று பெயர் வந்தது. இரண்டு வருடமாக அந்தப் பெயர் அந்தப் போனில் வந்ததே இல்லை. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சுப்பா. நல்லா வந்துச்சு.”

“ம். அப்ப சரி. நான் கடைய மூடறேன்.”

“மூடாதீங்கப்பா,” என்றாள் பிரிசில்லா. “இன்னொருத்தர் வந்துக்கிட்டு இருக்காரு.”